பழப்பாகு பூசிய போர்க் சாப்ஸ்: அடுப்பைப் பற்றவைக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

போர்க் சாப்ஸ் என்றால் பன்றியின் முதுகுப் பகுதியிலிருந்து வெட்டிய இறைச்சித் துண்டுகள். பழப்பாகு பூசிய போர்க் சாப்ஸ் என்பது வேலை முடிந்து வந்த இரவில் அரை மணி நேரத்தில் செய்துவிடக்கூடிய எளிய உணவு என்றுதான் நான் படித்த சமையல் குறிப்புகள் எல்லாம் சொல்லின. அயோவா மாநிலத்தின் டி மொயின் நகரில் தனியாகக் குடியிருந்த முதல் குளிர்காலத்தில், அதை உண்ணத் தகுந்தபடி செய்யக் கற்றுக்கொள்வதற்குள் ஏறக்குறைய 150 டாலரும், பல வார இறுதி மாலைகளும், சமையலில் எனக்கிருந்த நம்பிக்கையின் பெரும் பகுதியும் கரைந்துபோயின. ஊரிலிருந்து வந்து இங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடும் பலர் இதே பாதையில் போவதைப் பார்க்கிறேன் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பன்றி வளர்ப்பில் முதலிடம் வகிக்கும் மாநிலம் அயோவா. ஆகஸ்டு மாதம் டி மொயினில் நடக்கும் மாநிலக் கண்காட்சியில், எலும்பையே கைப்பிடியாகப் பிடித்துக் கடித்துண்ணும் சுட்ட சாப்ஸுக்காக மக்கள் வெயிலில் வரிசையில் நிற்பார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் என்னை அங்கே அழைத்துப் போனார். சில வாரங்கள் கழித்துத் தம் வீட்டிலும் ஆப்ரிகாட் என்ற பழத்தின் ஜாமில் காய்ச்சிய பாகைப் பூசிய சாப்ஸை எனக்குப் பரிமாறினார். இனிப்பு, புளிப்பு, கடுகின் காரம், அடியில் உப்பேறிய இறைச்சி என்று அந்தச் சுவை என்னைப் பல நாள் விடவில்லை. பன்றி இறைச்சி எனக்குப் புதிதுமில்லை. குமரி மாவட்டத்தில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் மிளகும் தேங்காய்க் கொத்தும் போட்ட பன்றிக்கறி நிச்சயம் உண்டு. அம்மா செய்வதைப் பார்த்து நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கம் சாப்ஸுக்குத் துணை வரவில்லை என்பதுடன், பல இடங்களில் எதிராகவும் நின்றது. நாம் குழம்புக்கு எடுக்கும் தோள்பட்டைப் பகுதியில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசுப் புரதம் நிறைந்திருக்கும். நெடுநேரம் வேகும்போது அது ஜெலட்டினாகக் கரைந்து கறியை மெத்தென்று ஆக்கும். சாப்ஸ் வெட்டப்படுவது விலங்கு அதிகம் உழைக்காத முதுகுப் பகுதியிலிருந்து. அங்கே கொலாஜன் மிகக் குறைவு. கூடுதலாக வேகும் ஒவ்வொரு நிமிடமும் தசையிலுள்ள நீரை வெளியே தள்ளுமே தவிர, இறைச்சியை மென்மையாக்காது. குழம்புக்கறி வேக வேக இளகும், சாப்ஸ் வேக வேக இறுகும். இந்த ஒரு செய்தியை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் என் குளிர்காலம் வேறு விதமாகப் போயிருக்கும்.

முதலில் நான் வாங்கியது சூப்பர் மார்க்கெட்டில் தட்டில் அடுக்கி உறையிட்டு வைத்திருந்த, அரை அங்குலத் தடிமனுள்ள, எலும்பு நீக்கிய சாப்ஸ். விலை பதினோரு டாலர். கையில் இருந்த குறிப்பு, புதிய அன்னாசியை அரைத்துப் பிழிந்த சாற்றில் இறைச்சியை இரவு முழுவதும் ஊறவைக்கச் சொன்னது. அப்படியே செய்தேன். மறுநாள் எடுத்தபோது மேற்புறம் கூழாகக் குழைந்திருந்தது. விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வந்தது. சட்டியில் போட்டதும் அந்தக் கூழ் அடியில் பிடித்துக்கொண்டது, உள்ளே இருந்த சதை கட்டையாக இறுகியது. கெட்டுப்போன இறைச்சியை வாங்கிவிட்டோமோ என்ற அச்சத்தில் முழுவதையும் குப்பையில் போட்டேன். உண்மையில் இறைச்சியில் குறை ஒன்றுமில்லை. அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தைச் சிதைக்கும். ஆட்டுக்கறி சீக்கிரம் வேகட்டும் என்று நம் வீடுகளில் பப்பாளிக்காய்த் துண்டைச் சேர்ப்பதும் இதே காரணத்தால்தான். கிவிப் பழத்திலும் இத்தகைய நொதி உண்டு. சாப்ஸ் ஏற்கெனவே மென்மையான பகுதி என்பதால் அதற்கு இந்த உதவி தேவையில்லை. இரவு முழுவதும் ஊறினால் மேற்புறம் அழிந்துவிடும். அன்னாசிச் சுவைதான் வேண்டும் என்றால் சாற்றை நன்றாகக் கொதிக்கவைத்துப் பாகில் மட்டும் சேருங்கள், அல்லது டப்பாவில் அடைத்த அன்னாசியை வாங்குங்கள். இரண்டிலும் வெப்பத்தால் நொதி செயலிழந்திருக்கும்.

அடுத்து வந்தது புகை. இன்னொரு குறிப்பின்படி ஜாமையும் தேனையும் இறைச்சியில் தடவி, எண்ணெய் நன்றாகச் சுட்டதும் சட்டியில் வைத்தேன். இரண்டு நிமிடத்துக்குள் விளிம்புகள் கறுத்தன, மூன்றாவது நிமிடத்தில் சமையலறை முழுவதும் கசந்த புகை பரவியது, அலாரம் அலறத் தொடங்கியது. வெளியே உறைபனி, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்துக் குடியிருப்பில் கைக்குழந்தையுடன் இருந்தவர்கள் கதவைத் தட்டுவதைக் கேட்டு நின்ற அந்த நேரத்தின் அவமானம் இன்றும் மனத்தில் இருக்கிறது. 35 டாலர் கொடுத்து வாங்கிய ஒட்டாத பூச்சுள்ள தவாவில் கரி அப்பிக்கொண்டது. சுரண்டியபோது பூச்சும் சேர்ந்து வந்ததால் அதையும் எறிய வேண்டியதாயிற்று.

பின்பு படித்துப் புரிந்துகொண்டது இது. இறைச்சி வெளியே பொன்னிறமாகச் சிவக்க, சட்டியின் பரப்பு 200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக இருக்க வேண்டும். சாதாரணச் சர்க்கரையோ 160 டிகிரியை ஒட்டியே கருகும் பாதையில் இறங்கிவிடுகிறது. பழங்களிலும் தேனிலும் நிறைந்துள்ள ஃபிரக்டோஸ் 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்குகிறது. கடையில் வாங்கும் ஜாமில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். ஆகவே இறைச்சி சிவப்பதற்குத் தேவையான சூட்டில் பாகு ஒருநாளும் பிழைக்காது. பாகு பிழைக்கும் சூட்டில் இறைச்சி சிவக்காது. இரண்டையும் தனித்தனியே சமைத்து, கடைசி ஓரிரு நிமிடங்களில் மட்டும், தணிந்த தீயில் ஒன்றுசேர்ப்பதே வழி. பழப்பாகு பூசிய எந்த இறைச்சிக்கும், ஓவனில் சுட்டாலும் கரியடுப்பில் வாட்டினாலும், இந்த விதி பொருந்தும். சட்டியில் சர்க்கரை அடிப்பிடித்துவிட்டால் சுரண்ட வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் முழுவதும் கரியாகாத பாகு தானே கரைந்து வந்துவிடும். இது தெரிந்திருந்தால் அந்தத் தவா இன்னும் என்னிடம் இருந்திருக்கக்கூடும்.

பாகைப் பின்னால் ஊற்றக் கற்றுக்கொண்ட பிறகும் இறைச்சி வறண்டே இருந்தது. நான் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அம்மா, "நல்லா வேகட்டும் மக்களே, பன்னிக்கறியில அரைவேக்காடு ஆகாது" என்று எச்சரிப்பார். அதைக் கேட்டு நானும் கூடுதலாகவே வேகவைத்தேன். அந்த எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. திறந்த வெளியில் மேயும், பரிசோதனை இல்லாமல் அறுக்கப்படும் பன்றியில் நாடாப்புழுவின் இளநிலைக் கட்டிகள் இருக்கலாம். அவை மனித மூளையைப் பாதித்து வலிப்பு நோய் வரை கொண்டுசெல்லக்கூடிய நோயோடு தொடர்புடையவை. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் டிரிக்கினெல்லா என்ற புழுவுக்கு அஞ்சி, பன்றி இறைச்சியைச் சாம்பல் நிறம் வரும்வரை வேகவைத்தார்கள். கொட்டகைக்குள் வளர்ப்பும் தீவனக் கட்டுப்பாடும் வந்தபின் அந்த ஆபத்து பெரிதும் குறைந்தது. 2011-ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண் துறை, முழுத் துண்டுகளாக உள்ள பன்றி இறைச்சிக்கான பரிந்துரையை 160 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 145 டிகிரிக்கு, அதாவது 63 டிகிரி செல்சியஸுக்குக் குறைத்தது. அடுப்பிலிருந்து இறக்கியபின் குறைந்தது 3 நிமிடம் அப்படியே வைக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். கொத்திய இறைச்சிக்கு 160 டிகிரியே தொடர்கிறது. இந்த 145 டிகிரிக் கணக்கு முறையான பரிசோதனைக்கு உட்பட்ட இறைச்சிக்கு உரியது. ஊரில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத பன்றிக்கறியை வாங்கினால் அம்மா சொல்வதே சட்டம். அதில் சாப்ஸ் செய்ய முயலாமல் குழம்பே வையுங்கள்.

இறைச்சி வறண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1987-இல் அமெரிக்கப் பன்றி வளர்ப்புத் துறை, கொழுப்புக்கு அஞ்சிக் கோழிக்கு மாறிய மக்களை மீட்பதற்காக, பன்றியையும் ஒரு வெள்ளை இறைச்சி என்றே விளம்பரம் செய்தது. கொழுப்புக் குறைந்த பன்றிகளை வளர்ப்பதும் அந்தக் காலத்தில் முனைப்பாக நடந்தது. இன்று கடையில் கிடைக்கும் முதுகுப் பகுதியில் கொழுப்பு மிகக் குறைவு; சூடு கொஞ்சம் கூடினாலும் அதைக் காப்பாற்ற உள்ளே எதுவும் இல்லை. நிறத்தைப் பார்த்தும், கத்தியால் குத்தி வடியும் நீரைப் பார்த்தும் பதம் சொல்லும் பழக்கம் இங்கே உதவாது, ஏனென்றால் 145 டிகிரியில் நடுப்பகுதி இளஞ்சிவப்பாகவே இருக்கும். 18 டாலருக்கு ஓர் உடனடித் தெர்மாமீட்டர் வாங்கினேன். அந்தக் குளிர்காலத்தில் நான் செலவழித்த பணத்தில் வீணாகாதது அதுதான். ஊசியை மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டிலிருந்து நடுவரை செலுத்த வேண்டும். எலும்பைத் தொட்டால் அளவு தவறும். ஐஸ் கட்டிகள் நிறைந்த தண்ணீரில் வைத்தால் 32 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். காட்டாத கருவியை நம்ப வேண்டாம்.

இவ்வளவும் கைவந்தது என்ற துணிவில் அலுவலக நண்பர்களைக் குடும்பத்தோடு இரவு உணவுக்கு அழைத்தேன். இறைச்சிக்கு மட்டும் 48 டாலர் ஆயிற்று. வறண்டுவிடக் கூடாது என்பதற்காகக் குறிப்புகள் ஒருமித்துப் பரிந்துரைத்தபடி உப்புநீரில் சில மணி நேரம் ஊறவைத்தேன். நிறம் அழகாக வந்தது, பாகு பளபளத்தது, தெர்மாமீட்டர் சரியாக 145 காட்டியது. முதல் வாயிலேயே எல்லோரும் தண்ணீரைத் தேடினார்கள். உப்பு நாக்கைச் சுட்டது. இறைச்சியின் தன்மையும் ஹாம் என்னும் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை போல வழுக்கலாக இருந்தது. நண்பரின் மனைவி மிகுந்த அன்போடு பாகையும் உருளைக்கிழங்கையும் மட்டும் பாராட்டினார். அவர்கள் போனபின் தட்டுகளைக் கழுவும்போது எனக்கு அழுகை வந்தது. ஊரில் பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்டவனுக்கு இங்கே நாலு பேருக்கு ஒரு வேளை உணவு கொடுக்க முடியவில்லையே என்ற வேதனை அது. இரவு குப்பையிலிருந்து உறையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் படித்தேன். பெயருக்குக் கீழே சிறு எழுத்தில், 12 சதவீதம் வரை கரைசல் சேர்க்கப்பட்டது என்றும், கரைசலில் தண்ணீர், உப்பு, சோடியம் பாஸ்பேட் உள்ளன என்றும் அச்சிட்டிருந்தது. அதாவது தொழிற்சாலையிலேயே உப்புநீர் ஏற்றிய இறைச்சி. நான் அதன்மேல் மறுபடியும் உப்பு ஏற்றியிருந்தேன்.

இந்த அச்சு இந்நாட்டில் கட்டாயம், ஆனால் கண்ணில் படும்படி இருப்பதில்லை. தயவுசெய்து உறையைத் திருப்பித் திருப்பிப் படியுங்கள். கரைசல் சேர்த்தது என்றிருந்தால் உப்பே போடாமல் சமைக்க வேண்டும். முடிந்தால் அதை வாங்காமலே விடுவது நல்லது, ஏனென்றால் இறைச்சியின் விலைக்குத் தண்ணீரையும் சேர்த்து வாங்குகிறோம்.

அதன்பின் சூப்பர் மார்க்கெட்டை விட்டுவிட்டு, நகருக்கு வெளியே ஒரு சிற்றூரில் இருந்த இறைச்சிக் கடைக்குப் போனேன். அயோவாவின் சிற்றூர்களில் இப்படிப்பட்ட கடைகள் இன்னும் இருக்கின்றன. சுற்றுவட்டாரப் பண்ணைகளின் விலங்குகளை அறுத்து, கேட்ட அளவில் வெட்டித் தருவார்கள். அங்கே கத்தி பிடித்திருந்த வயதானவர் என் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எலும்போடு ஒன்றேகால் அங்குலத் தடிமனில் விலா ஓரத்துச் சாப்ஸ் வெட்டித் தந்தார். இந்தத் தடிமனில் வெட்டுவதற்கு இங்கே அயோவா சாப் என்றே பெயர். மெல்லிய துண்டில் வெளிப்புறம் சிவப்பதற்குள் உள்ளே வெந்து முடிந்துவிடும், பாகுக்கு நேரமே இருக்காது. தடித்த துண்டில்தான் இரண்டுக்கும் அவகாசம் கிடைக்கும் என்றார். கொழுப்பு விளிம்பை இரண்டு மூன்று இடங்களில் கீறிவிடச் சொன்னதும் அவர்தான். கொழுப்புக்கும் சதைக்கும் இடையிலுள்ள சவ்வு சூட்டில் சுருங்கித் துண்டைக் கிண்ணம்போல் வளைத்துவிடும். வளைந்தால் நடுப்பகுதி சட்டியைத் தொடாது.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். முந்தைய இரவே இறைச்சியின் எடையில் ஒரு சதவீதம், அதாவது கிலோவுக்கு 10 கிராம் உப்பைத் தூவி, கம்பித் தட்டில் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் விடுகிறேன். உப்பு உள்ளே இறங்கும், மேற்புறம் உலரும், உலர்ந்தால்தான் சிவக்கும். நம் வழக்கப்படி மஞ்சள் போட்டுக் கழுவுவதை இங்கே விட்டுவிட்டேன். கழுவினால் ஈரம் ஏறுவதோடு, தெறிக்கும் நீரில் கிருமிகள் தொட்டியெங்கும் பரவும் என்பதால் வேளாண் துறையும் கழுவ வேண்டாம் என்றே சொல்கிறது. சமைக்கும் முன் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். வார்ப்பிரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, முதலில் துண்டுகளைக் கொழுப்பு விளிம்பின் மேல் இடுக்கியால் நிறுத்திப் பிடித்து இரண்டு நிமிடம் விடுகிறேன்; கொழுப்பு உருகி அந்த எண்ணெயிலேயே மற்றது வேகும். பிறகு படுக்கவைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டு இரண்டு பக்கமும் சிவக்கவிடுகிறேன். உள்ளே 130 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டதும் தீயை நன்றாகத் தணித்து, தேங்கிய எண்ணெயை வடித்துவிட்டுப் பாகை ஊற்றிப் புரட்டினால், ஓரிரு நிமிடத்தில் அது மேலே படிந்து பளபளக்கும். 145 காட்டியதும் இறக்கி, ஐந்து நிமிடம் தட்டில் விட்டுப் பரிமாறுகிறேன். அந்த ஓய்வில் வடியும் சாற்றையும் பாகோடு கலந்து மேலே ஊற்றலாம்.

பாகுதான் இந்த உணவின் உயிர் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு துண்டுகளுக்கு அரைக் கப் ஆப்ரிகாட் ஜாம், அரைக் கப் ஆப்பிள் சாறு, இரண்டு மேசைக்கரண்டி ஆப்பிள் சைடர் வினிகர், ஒரு மேசைக்கரண்டி டிஜான் கடுகு விழுது, நசுக்கிய பூண்டு ஒரு பல், சிறிது இஞ்சிச் சாறு, இடித்த மிளகு, ஒரு சிட்டிகை வற்றல் மிளகாய்த் தூள். முதலில் ஆப்பிள் சாற்றைப் பாதியாக வற்றவைத்து, மற்றதைச் சேர்த்துச் சிறு தீயில் காய்ச்ச வேண்டும். அதிரசத்துக்கும் பொரிவிளங்காய்க்கும் பாகு வைத்துப் பழகியவர்களுக்குப் பதம் பார்ப்பதில் சிரமமே இராது. ஆனால் இதற்குக் கம்பிப் பதம் கூடாது. விரல்களுக்கிடையே பிசுபிசுத்து ஒட்ட வேண்டும், கம்பி இழுக்கக் கூடாது. ஜாமிலுள்ள பெக்டின் என்ற பழப்பசை ஆறும்போது இன்னும் கெட்டியாக்கும். அடுப்பிலேயே கெட்டியாகிவிட்டால் இறைச்சியில் படிவதற்கு முன்பே சட்டியில் பிடித்துக்கொள்ளும். அப்படி ஆனால் ஒரு கரண்டி வெந்நீர் சேர்த்து இளக்கலாம். ருசி பார்க்கும்போது புளிப்பு சற்றே தூக்கலாகத் தெரிய வேண்டும். இறைச்சியின் உப்பும் கொழுப்பும் சேரும்போது அது சமனாகிவிடும். பரிமாறும்போது ஊற்றுவதற்கான பாகைத் தொடக்கத்திலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். வேகாத இறைச்சியைத் தொட்ட கரண்டி அதில் படவே கூடாது.

பழத்தை மாற்றிக்கொள்ளலாம். கோடையில் பீச்சும் செர்ரியும், நவம்பரில் கிரான்பெர்ரியும் நன்றாக அமைகின்றன. கிரான்பெர்ரி தானே புளிப்பு என்பதால் வினிகரைப் பாதியாக்க வேண்டும். தோலோடு செய்யும் ஆரஞ்சு ஜாமான மார்மலேடில் உள்ள கசப்பு சிலருக்குப் பிடிக்கும், எனக்கு அவ்வளவாக இல்லை. மாம்பழக் கூழில் வினிகருக்குப் பதில் எலுமிச்சையும் கொஞ்சம் புளிக் கரைசலும் சேர்த்துச் செய்தேன். அம்மாவுக்குச் செய்துகொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பது அதைத்தான், நன்றாக வேகவைத்த தோள்பட்டைக் கறியின்மேல்.

மிஞ்சிய சாப்ஸை மைக்ரோவேவில் சூடாக்கினால் பட்ட பாடெல்லாம் வீணாகும். மறுபடி வெந்து இறுகிவிடும். மூடிய சட்டியில், ஒரு கரண்டி ஆப்பிள் சாறு விட்டு, மிகச் சிறு தீயில் மெதுவாகச் சூடாக்குங்கள். அல்லது சூடாக்கவே வேண்டாம்: குளிர்ந்த நிலையில் மெல்லிய சீவல்களாக அறுத்து, மீந்த பாகையும் கொஞ்சம் கடுகு விழுதையும் தடவிய ரொட்டியில் வைத்து மறுநாள் மதியத்துக்கு எடுத்துப் போகலாம். மூன்று நான்கு நாட்களுக்கு மேல் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம்.